கயிற்றுக் கூலி

அன்றைக்கு என் குதிரைக் கொட்டகை வாசலில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையைக் கேட்டு முடித்ததும் எல்லாரும் அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். நான். என் மனைவி வசந்தா. வசந்தாவின் தம்பி சேகர், எனக்கு மச்சான். பண்ருட்டியில் முந்திரி மண்டி வைத்திருக்கிற கலியமூர்த்தி அண்ணன், பெட்டைக் குதிரையை இனச்சேர்க்கைக்குக் கொண்டுவந்தவர். அந்தப் பெட்டையை ஏற்றி வந்த குட்டியானை வண்டியின் டிரைவர் அந்தோணி. மொத்தம் ஐந்து பேர். குதிரை என்று பார்த்தால் என்னுடைய ஆண் குதிரை துரை, அவருடைய பெட்டை வெள்ளச்சி, இரண்டுதான். என்னுடைய மற்ற இரண்டு பெட்டைகளையும் வாசனை படக்கூடாது என்று பின்பக்கம் தூரத்தில் கட்டியிருந்தோம். ஐந்து பேருக்கு மேல் ஒரு ஆள் கிடையாது. விரல் விட்டு எண்ணி எண்ணியே பார்த்துவிட்டேன், அந்தக் கணக்கு மாறவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. பயம் இல்லாதவன் என்று சொல்லவில்லை, பயம் எனக்கு ஜாஸ்தி, கரண்ட் பில்லுக்குப் பயப்படுவேன், பாம்புக்குப் பயப்படுவேன், பேங்கிலிருந்து போன் வந்தால் எடுக்கவே பயப்படுவேன், மழை வந்தால் கொட்டகை ஒழுகுமே என்று பயம், வராவிட்டால் தீவனம் விலை ஏறுமே என்று பயம். இத்தனை பயத்துக்கு நடுவில் பேய்க்கு வேறு பயப்பட எனக்கு நேரம் இருந்ததில்லை. அமாவாசை ராத்திரியில் தனியாகக் கொட்டகைக்குப் போய்த் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. இது நடந்தது ராத்திரியும் இல்லை. காலை பத்தரை மணி, சுள்ளென்று வெயில்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடலூரில் கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு வண்டி வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிற வேலையில் சேர்ந்து, பத்துப் பன்னிரண்டு வருஷம் அங்கேயே கிடந்து, அப்புறம் சொந்தமாக ஒரு பெட்டை வாங்கி, அப்புறம் இன்னொன்று வாங்கி, சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகிற ரோட்டில் உள்ளே தள்ளி அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கொட்டகை போட்டேன். அதோடு நின்றிருக்கலாம். அந்தியூர் சந்தைக்குப் போன இடத்தில் துரையைப் பார்த்தேன். கறுப்பு கலந்த சிவப்பு, நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு, காது இரண்டும் உள்பக்கமாக வளைந்து முனையோடு முனை தொட்டுக்கொண்டு நிற்கும். வசந்தாவின் நகை மொத்தத்தையும் பேங்கில் வைத்து, மேற்கொண்டு கடனும் வாங்கி அதைக் கொண்டுவந்தேன். ஊரில் பெட்டை வைத்திருக்கிறவர்கள் நிறைய, நல்ல ஆண் குதிரை வைத்திருக்கிறவர்கள் குறைவு, மாதம் ஒரு சேர்க்கை வந்தால் போதும், வட்டி கட்டிவிடலாம் என்பது என் கணக்கு.

கணக்கு சரிதான். ஆனால் ஆண் குதிரை வைத்திருப்பது கேஸ் சிலிண்டரைத் திறந்து விட்டுவிட்டுத் தூங்குகிற மாதிரி. முதுகைக் காட்டக்கூடாது. அதன் முன்னால் உட்காரக்கூடாது. காற்று திரும்பி எங்கேயோ ஒரு பெட்டையின் வாசனை வந்துவிட்டால் போதும், கதவுப் பலகையைக் கடித்துத் துப்பும், சுவரை உதைக்கும், நான் வீட்டில் படுத்துக்கொண்டு உதைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். சேர்க்கை நேரத்தில் அதைப் பிடிக்கிற வேலை முழுக்க சேகருடையது. அவன் நல்ல பலசாலி, பயம் இல்லாதவன். நான் பெட்டையைத்தான் பிடிப்பேன்.

கடலூர் சாரட்டுக்காரரிடம் கற்றுக்கொண்ட இரண்டு பழக்கத்தை நாங்கள் இங்கேயும் வைத்திருந்தோம். ஊர்வலத்தில் பேண்டுச் சத்தமும் வெடிச் சத்தமும் காதைப் பிளக்கும்போது குதிரையை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்ற வேண்டியிருக்கும், அவர் பிடித்துவிட்டார் என்று இவர் விட, இவர் விடவில்லை என்று அவர் சும்மா இருக்க, குதிரை கூட்டத்துக்குள் பாய்ந்துவிடும். அதனால் விடுகிறவர் ‘கயிறு?’ என்று கேட்கவேண்டும். பிடிக்கிறவர் கயிற்றைக் கையில் வாங்கிய பிறகு ‘கயிறு’ என்று பதில் சொல்லவேண்டும். பதில் காதில் விழாமல் உயிரே போனாலும் விடக்கூடாது. இது ஒரு பழக்கம். இன்னொன்று, கஷ்டமான நேரத்தில் குதிரையைப் பிடித்தவருக்குத் தனியாக ஒரு கூலி உண்டு, கயிற்றுக் கூலி என்போம், குதிரை திரும்பி வந்து தண்ணீரில் வாய் வைப்பதற்குள் அதை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அதைப் பாக்கி வைத்தால் அடுத்த தடவை கயிறு கையில் நிற்காது என்பார்கள். சேகர் சொந்த மச்சான்தான், ஆனாலும் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஐநூறு ரூபாய் நான் தவறாமல் கொடுத்துவிடுவேன்.

அப்படி இருந்தும் ஒரு நாள் துரை அவன் கையைக் கவ்விவிட்டது. கவ்வி, நாய் துணியை உதறுகிற மாதிரி உதறியது. இரண்டு இடத்தில் எலும்பு முறிவு, உள்ளே பிளேட் வைத்து, நாலு மாதம் அவன் கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு திரிந்தான். ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே வசந்தா சொல்லிவிட்டாள்.

“இதோட நிறுத்திக்கலாங்க. டாக்டர வரச் சொல்லி அதுக்குக் காயடிச்சிடுங்க. சாரட்டுல பூட்டி ஓட்டிக்கலாம்.”

“காயடிச்சிட்டா சேர்க்கைக்கு யார் வருவாங்க? நகைய எப்படித் திருப்பறது?”

“நக போனா போவுது. என் தம்பிக்கு ஒரு கை போச்சு, அடுத்தது உங்க தலதான். தாலிய மட்டும் ஏன் வச்சிருக்கேன், அதையும் பேங்குலயே வச்சிடவா?”

நாலு மாதம் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன், அதற்கு மேல் முடியவில்லை. கால்நடை டாக்டரிடம் ஒரு வெள்ளிக்கிழமை நாள் குறித்தாயிற்று. கலியமூர்த்தி அண்ணனுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்ததால் புதன்கிழமை அவருடைய பெட்டைக்கு ஒரே ஒரு சேர்க்கை, அதுதான் கடைசி என்று முடிவாயிற்று. சேகரின் கை கூடிவிட்டிருந்தது, ஆனால் துரையைப் பிடிக்க மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். பெட்டையை அவன் பிடிப்பது, துரையை நான் பிடிப்பது என்று ஆயிற்று. செவ்வாய் ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. கயிறு அறுந்தால் என்ன செய்வது, கால் தடுக்கினால் என்ன செய்வது, கயிறு அறுந்து காலும் தடுக்கினால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

புதன்கிழமை வண்டி வந்தது. கலியமூர்த்தி அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும், வாய் ஓயாது.

“என்னா தம்பி, மாப்ள ரெடியா? பொண்ணு குளிச்சி சீவி வந்திருக்குது.”

“ரெடிதான்ணே. உங்க பெட்டைக்குப் பருவம் சரியா இருக்குங்களா? இல்லன்னா ஒதைக்கும்.”

“பலாப்பழமா இருந்தா தட்டிப் பாத்துச் சொல்லிடுவேன். இத எங்கேன்னு தட்டறது?”

வண்டியில் இருந்த அந்தோணி விழுந்து விழுந்து சிரித்தான். நான் எல்லாருடைய போனையும் வாங்கி வீட்டுக்குள் ஒரு பக்கெட்டில் போட்டேன், முன்பு ஒரு தடவை சேர்க்கை நேரத்தில் யாருடைய போனோ பாட்டுப் பாடித் துரை மிரண்டதிலிருந்து அப்படித்தான். ஏன் வீடியோ எடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தூசி கிளம்பாமல் இருக்க வாசல் மண்ணில் தண்ணீர் தெளித்திருந்தோம். சேகர் வெள்ளச்சியின் வாலில் பழைய புடவைக் கிழிசலைச் சுற்றிக் கட்டினான். பின்னங்கால்களுக்குக் கயிறு போட எடுத்தபோதுதான் கலியமூர்த்தி அண்ணன் தடுத்தார்.

“கால்ல கயிறெல்லாம் போடாதீங்கப்பா. கொழந்த அது. எம் பேத்தி அதும்மேல ஏறி வெளையாடுது.”

“அண்ணே, வழக்கம்னு ஒண்ணு இருக்குதுல்ல.”

“உன் குதிரைக்கு வழக்கம், என் குதிரைக்கு எதுக்கு? நான் பின்னாடி நின்னு வால ஒதுக்கிப் புடிச்சிக்கறேன், நீ ஆவற வேலயப் பாரு.”

அங்கேதான் நான் தப்புச் செய்தேன். எத்தனையோ அற்ப விஷயத்துக்கு ராத்திரி முழுக்கப் பயந்தவன், பெரிய மனுஷன் சொல்கிறாரே என்று இதற்கு வாயை மூடிக்கொண்டேன். பிடிக்கிறவர்கள் எல்லாரும் குதிரையின் இடது பக்கம்தான் நிற்கவேண்டும், அவர் வலது பக்கம் போய்ப் பின்னங்காலுக்குப் பக்கத்தில் நின்றார், அதையும் சொல்லவில்லை. அந்தோணி வேடிக்கை பார்க்க வண்டியின் மேல் ஏறி நின்றான். வசந்தா தண்ணீர் பிடிக்க மோட்டார் பக்கம் போனாள்.

நான் துரையை வெளியே கொண்டுவந்தேன். கதவைத் தாண்டியதுமே அது வேறு மிருகம். கழுத்து வில்லாக வளைந்து, மூக்கு விரிந்து, அது கனைத்த கனைப்பு என் விலா எலும்புக்குள் அதிர்ந்தது. நான் அதைக் கொண்டுபோனேனா, அது என்னைக் கொண்டுபோனதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பெட்டையிலிருந்து நாலு அடி இருக்கும்போது முன்னங்கால் இரண்டையும் தூக்கி எழுந்தது. அதே நேரம் வெள்ளச்சி வீலென்று கத்தி இரண்டு பின்னங்காலாலும் உதைத்தது. உதை அண்ணன்மேல் படவில்லை, ஆனால் பயந்து பின்னால் நகர்ந்தவர் ஈர மண்ணில் வழுக்கி, வெள்ளச்சியின் பின்னங்காலுக்குக் கீழேயே மல்லாந்து விழுந்தார்.

இதைச் சொல்ல இவ்வளவு நேரம் ஆகிறது, நடக்க ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. மேலே துரையின் குளம்பு இரண்டும் வானத்தில் நிற்கிறது. கீழே அண்ணன் கிடக்கிறார். கயிறு என் கையில். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றால் அவரை இழுக்க ஆள் இல்லை, விட்டால் இந்த மிருகம் அவர்மேல்தான் இறங்கும். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாகக் கத்தியது.

“கயிறு?”

என் இடது தோளுக்குப் பின்னால் இருந்து பதில் வந்தது.

“கயிறு.”

ஆம்பிளைக் குரல். அவசரம் இல்லாத குரல். கொஞ்சம் சளி கட்டிய மாதிரி. அதோடு போகவில்லை. என் கைக்கு முன்னால் கயிறு மேலே போனது, யாரோ வாங்கிக்கொள்கிற மாதிரி, பாரம் என் கையை விட்டு அந்தப் பக்கம் போனது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அப்புறம் என் புறங்கையில் இரண்டு தட்டு. விரல் முட்டியால், லேசாக, விடு விடு என்கிற மாதிரி. சேகர் அப்படித் தட்டுகிற வழக்கம் கிடையாது. கடலூரிலும் யாரும் தட்டி நான் பார்த்ததில்லை. அது அந்த நேரத்தில் புத்தியில் ஏறவில்லை. விட்டுவிட்டேன்.

விட்டுக் குனிந்து ஓடி அண்ணனின் இடுப்பைப் பிடித்து இழுத்தேன், வேட்டிதான் என் கையோடு வந்தது. திரும்பவும் போய் அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு வேலி ஓரத்துக்கு வந்து விழுந்தேன். என் முதுகுக்குப் பின்னால் சேர்க்கை நடந்தது. ஒழுங்காக, பெட்டைக்கு ஒரு கீறல்கூட இல்லாமல், துரை அதற்கு முன்னால் ஒரு நாளும் செய்யாத மாதிரி. நான் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தேன். துரை இறங்கி நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, தலை தாழ்ந்து இருந்தது. கயிற்றின் அந்த முனையை நான் பார்க்கவில்லை. சேகர்தான் பிடித்திருக்கிறான் என்று நினைத்தேன், பிடித்திருக்கிறவனை எதற்குப் பார்ப்பது? அதை நினைத்தால் இன்றைக்கும் மண்டையில் அடித்துக்கொள்ளலாம்போல இருக்கிறது.

அண்ணனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கட்டிலில் உட்காரவைத்துச் சோடா கொடுத்தோம்.

“மொதல்ல வேட்டியக் குடுங்கய்யா, சோடா என்னாத்துக்கு” என்றார். “மண்டியில மட்டும் சொல்லிடாதீங்க. பலாக்கொட்டையால அடிப்பானுவ.”

எல்லாரும் சிரித்தோம். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, சந்தோஷம். பாக்கெட்டில் மடித்து வைத்திருந்த ஐநூறு ரூபாய்த் தாளை எடுத்துச் சேகரிடம் நீட்டினேன்.

“இந்தா மச்சான். இன்னிக்கு நீ இல்லன்னா அண்ணன் இல்ல. புடிக்க மாட்டேன்னு சொல்லிட்டு கடசில நீதான் புடிச்ச.”

சேகர் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“நான் எங்க மாமா புடிச்சேன்?”

“வெளையாடாதடா. கயிறுன்னு பதில் சொன்னியே.”

“பெட்டைய வுட்டிருந்தா அண்ணன மெதிச்சிருக்கும் மாமா. ரெண்டு கையாலயும் அதும் மூஞ்சியப் புடிச்சினு தொங்கறேன். கண்ணக்கூட மூடிக்கினேன். அது மேல ஏறி வர்ற சத்தம் கேட்டாலே எனக்குக் கை வலி எடுக்குது. நீங்கதான் புடிச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்.”

“நான் அண்ணன இழுத்துக்கினு இருந்தேன்டா.”

“அப்ப அந்தோணியக் கேளுங்க.”

அந்தோணியிடம் தாளை நீட்டினேன். அவன் இரண்டு அடி பின்னால் போனான்.

“அண்ணா, நான் வண்டிய விட்டு எறங்கவே இல்ல. உங்க குதிர ஒதச்சா இன்சூரன்ஸ் யாரு குடுப்பா?”

“மேலேருந்து என்ன பாத்த?”

“நீங்க குனிஞ்சி ஓடனத பாத்தேன். கயிறு கீழ விழல. யாரோ இழுத்துப் புடிச்ச மாதிரி நேரா நின்னுச்சி. குதிரைக்கு அந்தாண்ட சைடு எனக்கு மறச்சிச்சி, அக்காதான் புடிச்சிருக்காங்கன்னு நெனச்சி, அப்பறம் விழுந்து கெடந்த அண்ணனத்தான் பாத்துக்கினு இருந்தேன்.”

அப்போதுதான் வசந்தா குடத்தை இறக்கினாள்.

“நான் மோட்டார்கிட்ட இருந்தேன். சத்தம் கேட்டு வர்றதுக்குள்ள அது கொட்டாய்க்குத் திரும்பிப் போவுது. தனியாத்தான் போச்சி. தலைய குனிஞ்சிக்கினு, ஆள் பின்னாடி நடக்கற மாதிரி மெதுவா. நீங்க தட்டி வுட்டிருக்கீங்கன்னு நெனச்சி, அண்ணன்கிட்ட வந்துட்டேன்.”

“கதவு?”

“கதவு என்ன?”

“யாரு சாத்தினது?”

ஐந்து பேரும் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தோம். கதவு சாத்தியிருந்தது. சாத்தி, குறுக்கே போடுகிற இரும்புக் குழாயை வெளிப்பக்கமாக இரண்டு வளையத்திலும் நுழைத்திருந்தது. அந்தக் குழாயைப் போட ஒரு கையால் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தள்ளவேண்டும். உள்ளே துரை தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. அந்த ஐநூறு ரூபாய் இன்னும் என் கையில்தான் இருந்தது.

கால் தடம் பார்த்தீர்களா என்று கேட்பீர்கள். பார்த்தோம். அதற்குள் அந்த ஈர மண்ணில் நாங்கள் எல்லாரும் குறுக்கும் நெடுக்கும் ஓடி மிதித்திருந்தோம், யார் தடம் எது என்று கடவுள்தான் சொல்லவேண்டும். கலியமூர்த்தி அண்ணன் அதற்கப்புறம் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. பேசின பணத்தைக் கட்டிலின்மேல் வைத்துவிட்டு, வெள்ளச்சியை ஏற்றிக்கொண்டு, சொல்லாமலேயே கிளம்பிப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நான் சொல்லிவிட்டேன். அய்யனார் வந்து பிடித்திருக்கிறார் என்றார்கள். அய்யனாருக்குச் சளி பிடிக்குமா என்று கேட்டேன். காயடிக்க வருவதாக இருந்த டாக்டரிடமும் போனில் சொன்னேன், கயிறு எங்கேயாவது கம்பத்தில் சிக்கியிருக்கும் என்றார். அந்தப் பக்கம் கம்பமே கிடையாது. குதிரை தானாக நின்றிருக்கும் என்றார். சரி, நின்றிருக்கலாம், தானாகக் கொட்டகைக்கும் போயிருக்கலாம், காற்றில் கதவு சாத்திக்கொண்டது என்றுகூட வைத்துக்கொள்ளலாம். என் புறங்கையில் தட்டியது என்ன காற்று?

வியாழக்கிழமை ராத்திரி வசந்தா என்னிடம் வந்து உட்கார்ந்தாள். டாக்டருக்கு வெந்நீர் எத்தனை குடம் வேண்டும் என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

“டாக்டர வர வேணாம்னு சொல்லிடுங்க” என்றாள்.

“நீதானடி நாள் குறிச்ச?”

“குறிச்சேன். அப்ப அது நம்ம கையில இருந்துச்சி. அது திரும்பிப் போனத நான் பாத்தேங்க. அடுத்தவங்க கயிறு புடிச்சி நிக்கற குதிரைமேல நாம எப்படிக் கத்திய வைக்கறது?”

எனக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்தேன். வெள்ளிக்கிழமை டாக்டர் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அடுத்த பெட்டை வந்தது, கொண்டுவந்தவரை வீட்டுக்குள்ளேயே உட்காரவைத்துவிட்டோம், இப்போதும் யார் வந்தாலும் அப்படித்தான். சேகர் பெட்டையின் தலைமாட்டில் நின்றான். நான் துரையை வெளியே கொண்டுவந்தேன், கதவைத் தாண்டியதும் பழைய மாதிரியே எழுந்தது, பல் என் தோள் பக்கம் வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்தும், நீங்கள் நம்பினாலும் சரி நம்பாவிட்டாலும் சரி, நான் கேட்டேன்.

“கயிறு?”

பதில் வரவில்லை. தட்டும் இல்லை. ஆனால் என் கையில் இருந்த பாரம் குறைந்தது. துரை முன்னங்காலைக் கீழே வைத்துத் தலையைத் தாழ்த்தியது. நான் மெல்ல விட்டுவிட்டு இரண்டு எட்டு ஒதுங்கி நின்றேன். கயிறு கீழே விழவில்லை. இந்தத் தடவை நான் பார்க்கலாம், தடுக்க யாரும் இல்லை, ஆனால் என் கண் அந்தப் பக்கம் போகவே மாட்டேன் என்றது, சேகர் மாதிரி நானும் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். இரும்புக் குழாய் வளையத்துக்குள் போகிற சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தேன்.

அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நடக்கிறது. துரை இதுவரை ஒரு ஆளைக் கடிக்கவில்லை, ஒரு பெட்டையைக் காயப்படுத்தவில்லை. நல்ல குதிரை, கைக்கு அடங்குகிற குதிரை என்று பேர் பரவி, சேத்தியாத்தோப்பிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் பெட்டைகள் வருகின்றன. வசந்தாவின் நகையில் பாதி திரும்பி வந்துவிட்டது. நான் துரையைச் சும்மா நடத்திக்கொண்டு போகும்போது சுவர் ஓரமாக வந்தால், எனக்குப் போக இடது பக்கம் இன்னொரு ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் அது நடக்கிறது. இடிக்க மாட்டேன் என்று பார்த்துப் பார்த்து ஒதுங்குகிறது. எல்லாம் நல்லபடியாகத்தான் போகிறது, அதுதான் எனக்குப் பயம்.

கொடுத்துப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன். கொட்டகை மாடத்தில் ஐநூறு ரூபாயை வைத்துப் பார்த்தேன், ஒரு வாரம் அப்படியே இருந்து எலி ஓரத்தைக் கடித்துவைத்தது. கோயில் உண்டியலில் போட்டுவிடலாம் என்று சிதம்பரம் கிளம்பினேன், வசந்தா விடவில்லை.

“கூலியக் கொண்டுபோய் உண்டியல்ல போட்டா அது காணிக்கையா ஆயிடும். உழைச்சவங்களுக்கு எப்படிப் போய்ச் சேரும்? கூலின்னா கையிலதான் குடுக்கணும்.”

சேகருக்குக் கொடுத்தாலும் தொட மாட்டேன் என்கிறான், பிடித்தவன் வாங்கட்டும் என்கிறான். அதுவும் நியாயம்தான். எந்தக் கையில் கொடுப்பது?

பாக்கி வைத்தால் அடுத்த தடவை கயிறு நிற்காது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நிற்கிறது. ஏன் நிற்கிறது என்று தெரியவில்லை, எத்தனை நாளைக்கு நிற்கும் என்றும் தெரியவில்லை. என்றைக்காவது நான் ‘கயிறு?’ என்று கேட்டுவிட்டுக் கையை விடும்போது, கொடுக்காத கூலிக்கு எதற்கு உழைப்பது என்று அந்தப் பக்கமும் விட்டுவிட்டால், எதிரே பெட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பது என் மச்சான். சனிக்கிழமை சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு பெட்டை வருகிறது. வரவேண்டாம் என்று சொல்ல இரண்டு தடவை போனை எடுத்தேன், நகை ஞாபகம் வந்து வைத்துவிட்டேன்.

அந்தப் புதன்கிழமையையும் சேர்த்து இதுவரை பதினைந்து சேர்க்கை. ஒரு சேர்க்கைக்கு ஐநூறு. நான் கொடுக்கவேண்டியது ஏழாயிரத்து ஐநூறு ரூபாய்.